காம்பிங்: கூடாரம், அடுப்பு, கூலர் இருந்தால் காணுமா?

கேள்வி, யூன் 11

ஓகஸ்ட் முதல் கிழமை ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவில் மூன்று இரவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நெடுஞ்சாலை 60 பக்கம், காரை இடத்திலேயே நிறுத்தலாம். நாங்கள் இருவர், 9 வயதிலும் 4 வயதிலும் பிள்ளைகள், மாமி. எல்லாருக்கும் இதுதான் முதல்தடவை. சாப்பாட்டுச் சாமானுக்கு மனைவி இரண்டு பக்கத்தில் லிஸ்ட் போட்டுவிட்டார். மற்றபடி கூடாரம், அடுப்பு, கூலர் இருந்தால் காணும், மிச்சத்தை அங்கே பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?

யூன் 11, இரவு

காணாது.

உங்கள் நண்பர் யூலை நடுவில் ஒரே ஒரு இரவு போய்வந்தவராக இருக்கவேண்டும். அவர் சொன்ன மூன்றில் இரண்டு சமையல் சாமான். காம்பிங்கில் குடும்பங்கள் தோற்பது சாப்பாட்டு நேரத்தில் இல்லை, இரவு இரண்டு மணிக்கு.

நாங்கள் முதல்முறை போனபோது காரின் பின்பக்கம் முழுக்கக் குசினி. இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, மூன்று அளவில் சட்டி, பத்து இறாத்தல் அரிசி, போதாக்குறைக்குத் தேங்காய் துருவுகிற திருவலை ஒன்று. நாலு பேருக்குப் போர்வை மூன்று. ஓகஸ்ட்தானே, ஸ்காபரோவில் விசிறி போட்டுப் படுக்கிற காலம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் விடியப்புறம் காரின் திரையில் வெளி வெப்பம் 7 பாகை. சின்னவளை என் ஜக்கெற்றுக்குள் வைத்து சிப்பை இழுத்துவிட்டு முன் இருக்கையில் இருந்தேன். அவளுடைய கால்விரல்கள் ஐஸ்பழம். திருவலை பின்னால் சும்மா கிடந்தது.

நாளைக்கு மிச்சம் எழுதுகிறேன்.

யூன் 12

முதலில் கீழே போடுவது. மேலே போர்க்கிறதை எல்லாரும் யோசிப்பார்கள், கீழே போடுகிறதை யாரும் யோசிப்பதில்லை. குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும். ஸ்லீப்பிங் பாக் எவ்வளவு மொத்தமாக இருந்தாலும், உங்கள் பாரத்தில் நசிந்த பக்கத்தில் சூடு நிற்காது.

பெரிய காற்று மெத்தை வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குள் இருக்கிற காற்றும் நடுச்சாமத்தில் நிலத்தின் குளிருக்கே வந்துவிடும், நீங்கள் குளிர்ந்த காற்றுக்கு மேலே படுத்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று சுருங்கும். அதனால் ஓட்டை இல்லாமலே மெத்தை தொய்ந்துபோகும், விடிய ஆளுக்கு நடுவில் ஒரு பள்ளம். மெத்தைக்கு மேலே ஒரு மொத்தமான கம்பளி, அதற்கு மேலே ஆள். மெத்தைக்குக் கீழே ஊர்ப் பாய் ஒன்று. நாங்கள் இப்போது இப்படித்தான்.

அங்கே போய் இரவு பத்து மணிக்கு பற்றரிப் பம்ப் போட்டு மெத்தை ஊதாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவனும் எழும்புவான்.

யூன் 12, கொஞ்சம் பிந்தி

திருத்தம். பாய் ஈரம் இழுக்கும் என்று பிராம்ப்டனில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. எங்களுடையது இரண்டாம் வருடம் ஓரத்தில் கறுத்துப்போனது, அதைச் சொல்லாமல் விட்டேன். சின்னப்பிள்ளைகள் விளையாடுகிற, துண்டு துண்டாகக் கோர்க்கிற ஃபோம் பாய் வீட்டில் இருக்கும் அல்லவா, அதைக் கொண்டுபோங்கள். காசும் இல்லை, ஈரமும் இழுக்காது.

மாமிக்கு மட்டும் தரையில் படுக்கை வேண்டாம். படுப்பது பிரச்சினை இல்லை, எழும்புவதுதான். மடிக்கிற கட்டில் வாங்குங்கள். அதற்கும் மேலே ஏதாவது மொத்தமாக விரிக்கவேண்டும், கட்டிலுக்குக் கீழே காற்று ஓடும்.

யூன் 15

கூடாரத்தின் பெட்டியில் 6 பேர் என்று போட்டிருந்தால் நாலு பேர் என்று வாசியுங்கள். அந்த 6 பேரும் பக்கம் பக்கமாக, திரும்பிப் படுக்காமல், உடுப்புப் பை ஒன்றும் இல்லாமல் படுத்தால்தான் கணக்குச் சரி. ஐந்து பேருக்கு 8 பேர்க் கூடாரம். நடுவில் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரமா என்று பாருங்கள். மாமி குனிந்துகொண்டு சீலை மாற்றமுடியாது.

வாங்கினதும் வீட்டு முற்றத்தில் ஒருமுறை நட்டுப் பாருங்கள். நான் முதல்முறை அங்கேதான் பெட்டியைத் திறந்தேன். இருட்டில், படம் மட்டும் போட்ட செய்முறைத் தாளோடு. மனுசி ரோர்ச் பிடித்தாள். அந்த அரைமணித்தியாலம் நாங்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுதமுடியாது.

ஒருவர் கேட்டார், மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே இடம் எடுக்கலாமா என்று. பொதுவாக ஒரு இடத்துக்கு 6 பேர்தான், அனுமதியில் ஒரு கார்தான் அடங்கும். இரண்டு இடம் பக்கத்துப் பக்கத்தில் எடுங்கள். அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னர், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கிறபோதே கணினிக்கு முன்னால் இருக்கவேண்டும்.

யூன் 16

உடுப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன்: ஒவ்வொருவருக்கும் இரவுக்கென்று ஒரு முழு உடுப்பு, அதைப் பகலில் தொடக்கூடாது. கம்பளிக் காலுறை, காதை மூடுகிற தொப்பி, நீளக்கால் சட்டை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கூடாரத்துக்குள் வைத்துவிடுங்கள். சின்னப்பிள்ளை முதல் நாளே காலுறை நாலு சோடியையும் ஏரியில் நனைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மூன்று நாளும் காயாது.

ஓகஸ்டில் குளிர்த்தொப்பியா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்களிடம் மேலதிகமாக இரண்டு இருக்கும், வந்து கேளுங்கள்.

யூன் 19

நுளம்பு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஓகஸ்டில் போகிறபடியால் நீங்கள் தப்பினீர்கள். மே நடுவிலிருந்து யூன் வரைக்கும் அங்கே கறுப்பு ஈ. அது குத்துவதில்லை, கடித்துத் தோலைக் கிழிக்கும். அது அடங்க நுளம்பு. ஓகஸ்டில் இரண்டுமே குறைந்துவிடும், ஆனால் பொழுதுபடுகிற நேரம் நுளம்பு வரும்.

நாலு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் மருந்தை அடிக்கவேண்டாம். போத்தலில் டீட் (DEET) என்கிற பூச்சிவிரட்டி எத்தனை வீதம் என்று பாருங்கள்: 2 முதல் 12 வயதுக்கு 10 வீதத்துக்கு மேல் கூடாது, நாளைக்கு மூன்று தடவைக்கு மேலும் கூடாது. ஐகாரிடின் என்று இன்னொன்று இருக்கிறது, 20 வீதம் வரைக்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கே பூசலாம். மணமும் குறைவு. நாங்கள் இப்போது அதுதான். வெயில் கிறீம் பூசுவதென்றால் முதலில் அது, பிறகு நுளம்பு மருந்து. உடுப்பு வெளிர் நிறத்தில் இருக்கட்டும்.

கூடாரத்துக்குள் நுளம்புச்சுருள் கொளுத்துவது ஊர்ப் பழக்கம். இங்கே வேண்டாம், அந்தத் துணி ஒரு பொறி பட்டாலே உருகி எரியும். அடுப்பும் அப்படித்தான், மழை என்று உள்ளே இழுத்துவைத்துத் தேத்தண்ணி போடாதீர்கள். மூடின இடத்தில் வருகிற வாயுவுக்கு மணமே இல்லை, ஆளைத் தெரியாமல் கொல்லும்.

யூன் 20

இது கொஞ்சம் விலகிப்போகிறது, விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போங்கள்.

மாமி வருகிறார் என்று வாசித்ததும் எங்கள் அம்மா நினைவுக்கு வந்தார். நாங்கள் காம்பிங் தொடங்கி மூன்று வருடம் அவர் வரவே இல்லை. கேட்டால் ஒரே பதில்: "தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணாதே? இப்ப காசு குடுத்துப் போய்க் கிடக்கோணுமே?" 1995 ஒக்ரோபர் கடைசியில், யாழ்ப்பாணத்தில் சண்டைக்குத் தப்ப வலிகாமமே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தவர், என்னையும் தங்கச்சியையும் கையில் பிடித்துக்கொண்டு. தென்மராட்சியில் ஒரு மாமரத்துக்குக் கீழே ஆறு கிழமை இருந்தோம். இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு கூடாரம் விளையாட்டுச் சாமான். அவருக்கு முகாம் என்ற சொல்லே வேறு.

நாலாம் வருடம் பேத்தி கெஞ்சி அழைத்து வந்துவிட்டார். நான் ஒரு பெரிய லிஸ்ட் அடித்து ஒட்டியிருந்தேன். அதை ஒருதரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன்னுடைய பையைக் கட்டினார்: உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிறு ஒரு சுருள், மூடி உள்ள வாளி, மெழுகுதிரி, மூன்று பழைய நூல் சீலை, கத்தி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி ஷொப்பிங் பையில் சுற்றி, அதை ரின்னுக்குள் போட்டு. சாப்பாடு என்று ஒரு சாமானும் இல்லை. "அம்மா, அங்கே கழிப்பறை, சுடுதண்ணிக் குளியல், உடுப்புத் தோய்க்கிற மெஷின்கூட இருக்குது, வாளி எதுக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு நடந்ததை மழை பற்றி எழுதுகிறபோது சொல்கிறேன்.

யூன் 27

எதிர்பார்த்தபடி இந்த இழையில் சண்டை வந்துவிட்டது. "சமைக்காமல் என்ன காம்பிங்? வெள்ளைக்காரன் மாதிரி சொசேஜ் சுட்டுத் தின்னவோ போறது?" சரி, சரி. நான் குசினியைக் கொஞ்சம் கூடவே திட்டிவிட்டேன். மழை பெய்கிற பின்னேரம் சுடச்சுட ஒரு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுக்கிற சந்தோசத்தை நானும் மறுக்கவில்லை. வாபஸ். ஆனால் திருவலையை வாபஸ் வாங்கமாட்டேன்.

வீட்டில் முடிக்கக்கூடிய எல்லாவற்றையும் வீட்டில் முடியுங்கள். இறைச்சியைத் தூள் போட்டுப் பிரட்டி, சிப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். அதுவே கூலரில் ஐஸ் வேலை செய்யும், இரண்டாம் நாள் இரவுக்குச் சரியாக இளகும். தண்ணிப் போத்தல்களையும் உறையவைத்து அடுக்குங்கள், உருகினால் குடிக்கலாம். துண்டு ஐஸ் ஒரு நாளில் தண்ணியாகிக் கோழியைக் குளிப்பாட்டும், பெரிய கட்டி நின்று பிடிக்கும். குடிக்கிற போத்தலுக்கு வேறு சின்னக் கூலர். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் திறப்பார்கள்.

பச்சை நிறச் சின்ன புரொப்பேன் சிலிண்டர், 465 கிராம் உள்ளது, இரண்டு பக்க அடுப்பை முழு வேகத்தில் எரித்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். சோறு வைத்து, கறி வைத்து, ஐந்து பேருக்கு மூன்று நேரம் தேத்தண்ணி என்றால் நாலு வேண்டும். எங்களுக்கு ஒருமுறை பருப்பு பாதி அவிந்தபோது முடிந்தது. ஹன்ற்ஸ்வில்லுக்குத் திரும்பி ஓடினேன்.

யூலை 2

சின்ன விசயம் போலத் தெரிந்தாலும் முக்கியம்: சாப்பாடு, கூலர், கழுவாத சட்டி, குப்பை, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் இரவிலும் நீங்கள் இல்லாத நேரத்திலும் காருக்குள். கூடாரத்துக்குள் பிஸ்கற் துண்டுகூட வேண்டாம். அங்கே கருங்கரடி இருக்கிறது. மேசையில் கூலரை விட்டுவிட்டு நீந்தப் போனால் காவலர் தண்டமும் எழுதலாம்.

கரடியை நான் ஒரே ஒருதரம்தான் கண்டேன், அதுவும் ரோட்டைக் கடக்கும்போது. ரக்கூன் வேறு கதை. ஒருநாள் கட்டைச் சம்பல் ரின்னை மேசையில் மறந்துவிட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் மூடி திறந்து கிடக்கிறது, கிளிப் உடையவில்லை, மனிசன் திறந்த மாதிரி. மேசைப் பலகை முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புக் கை அடையாளம், ஐந்து விரலும் தெளிவாக. அது தண்ணிக் குழாய்ப் பக்கமாக நேராகப் போயிருந்தது. உறைப்பு அவ்வளவு.

யூலை 3

இல்லை, அது குழாயைத் திறந்ததா என்று நான் பார்க்கவில்லை. நாலு பேர் இதையே கேட்கிறீர்கள்.

யூலை 9

வெளிச்சம். பெரிய லாந்தர் ஒன்று போதும் என்று எழுதினவரோடு எனக்கு உடன்பாடில்லை. அது மேசைக்குச் சரி. இரவு ஒருவர் கழிப்பறைக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் மற்ற நாலு பேருக்கும் இருட்டு. நெற்றியில் கட்டுகிற விளக்கு ஆளுக்கொன்று, மாமிக்கும்தான். சிவப்பு வெளிச்சம் உள்ளதென்றால் நல்லது, கூடாரத்துக்குள் போட்டாலும் மற்றவர் எழும்பமாட்டார். மேலதிக பற்றரியும் வேண்டும். பிள்ளைகள் பகலிலேயே போட்டு முடித்துவிடுவார்கள்.

நாலு வயதுக்காரிக்கு (அல்லது காரனுக்கு, நீங்கள் சொல்லவில்லை) கழுத்தில் ஒளிர்கிற குச்சி ஒன்று கட்டிவிடுங்கள். இருட்டில் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

இந்த இடத்தில் அம்மாவின் வாளி. கழிப்பறை 150 மீற்றர் தூரம். இரவு மூன்று மணிக்கு 8 பாகையில், சின்னவள் அவசரம் என்கிறாள், அம்மாவுக்கு முழங்கால். கூடாரத்தின் முன்தட்டில் மூடி போட்ட வாளி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த வாளி இப்போது என் லிஸ்டில் மூன்றாவது இடம்.

யூலை 13

மழை.

அம்மா வந்த வருடம் இரண்டாம் இரவு. நான் கூடாரத்துக்குக் கீழே பெரிய நீலத் தறப்பாள் ஒன்றை விரித்திருந்தேன், சுற்றிவர ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு. செருப்புக் கழற்ற வசதி என்று பெருமையும் பட்டேன். இருட்டப்போகிற நேரம் அம்மா கூடாரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார். குனிந்து அந்த நீட்டின ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். "இதால தண்ணி உள்ளுக்குத்தான் வரும்" என்றார். வாய்க்கால் வெட்ட மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பூங்காவில் நிலம் வெட்டக்கூடாது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழங்காலில் இருந்து, தறப்பாளின் நாலு ஓரத்தையும் உள்பக்கம் மடித்துக் கூடாரத்தின் அடிக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு இடத்திலும் நீலம் வெளியே தெரியாதவரைக்கும் விடவில்லை.

பிறகு தன் கயிற்றை எடுத்தார். இரண்டு மரத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டி, மற்றத் தறப்பாளைக் கூடாரத்துக்கு மேலே போடச்சொன்னார். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பதிவு. சமமாகக் கட்டினால் நடுவில் குளமாகி அறுந்து விழுமாம். எனக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. அவர் போட்ட முடிச்சை ஒரு நுனியில் இழுத்தால் கழன்றுவிடும், பாரத்தில் மட்டும் இறுகும்.

மழை ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிவரைக்கும் அடித்தது. பக்கத்து இடத்தில் ஆட்கள் எழும்பிக் காருக்குள் போகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு ஒரு மூலையில் துவாய் அளவு ஈரம், அவ்வளவுதான். அம்மா தூங்கவில்லை. இருந்துகொண்டு கூடாரத்துச் சுவரைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சின்னவளுக்கு மேலே ஸ்லீப்பிங் பாக், அதற்கு மேலே நூல் சீலை இரண்டு மடிப்பு.

ஆகவே: நிலத்துக்கு ஒரு தறப்பாள், கூடாரத்தின் அடியைவிட நாலு விரல் சின்னதாக. மேலே ஒன்று, 10க்கு 12 அடிக்குக் குறையாமல். கயிறு குறைந்தது நூறு அடி. இரும்பு ஆப்பு, பெட்டியோடு வருகிற கம்பி ஆப்பு அந்தக் கல் நிலத்தில் வளையும். அடிக்கச் சுத்தியல்.

யூலை 14

தனிப்பட எழுதினவர்களுக்கு நன்றி. அம்மா இருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வருகிறார். சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்கிறார்.

யூலை 21

விறகு வீட்டிலிருந்து ஏற்றாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். சும்மா வியாபாரத்துக்குச் சொல்வதில்லை. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு, 2002இல் மிச்சிகனிலும் வின்சர் பக்கத்திலும் கண்டுபிடித்தார்கள், அஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. அது தூர இடங்களுக்குப் போனது பெரும்பாலும் ஆட்கள் காரில் ஏற்றின விறகோடுதான். நெருப்புத் தடை போட்டிருக்கிறார்களா என்று போகிற அன்றும் பாருங்கள். படுக்கமுன் வாளித் தண்ணி ஊற்றி, கையை மேலே பிடித்தால் சூடு தெரியாத அளவுக்கு அணைக்கவேண்டும். (அந்த வாளி வேறு, இந்த வாளி வேறு. இரண்டு கொண்டுபோங்கள்.)

ஓகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொன்று. வியாழக்கிழமைகளில் பூங்காக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓநாய் மாதிரி ஊளையிட்டு, ஓநாய் பதில் சொல்கிறதா என்று கேட்பார்கள். 1963இலிருந்து இருக்கிற பழக்கம். முதல்நாள் ஓநாய்களின் சத்தம் கேட்டிருந்தால் மட்டும்தான் நடக்கும், அங்கே போய் அறிவித்தல் பாருங்கள். இரவில் ரோட்டோரத்தில் நெடுநேரம் நிற்கவேண்டும், அதற்கும் அந்தக் குளிர்த்தொப்பி.

யூலை 29

கேட்டவர் "எல்லாம் வாசித்தேன், தலை சுற்றுகிறது, கடைசியாக எதை மறக்கக்கூடாது?" என்று எழுதியிருக்கிறார். லிஸ்டைவிட ஏற்றுகிற ஒழுங்கைச் சொல்கிறேன். அங்கே போனதும் முதலில் எது வேண்டுமோ அது கடைசியில் ஏறவேண்டும். நீங்கள் போய்ச் சேரும்போது மழை பெய்யும் என்று வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்: கதவைத் திறந்தால் தறப்பாளும் கயிறும் கையில் படவேண்டும், அடுத்து கூடாரம், ஃபோம் பாய், படுக்கை. குசினி அடியில். எங்கள் ஆட்கள் குசினியை மேலே ஏற்றுவார்கள், வழியில் ரோல்ஸ் எடுக்கவேண்டும் என்று. ரோல்ஸை மடியில் வைத்திருங்கள்.

பதிவுத் தாளையும் வரைபடத்தையும் ஃபோனில் இறக்கி வையுங்கள், உள்ளே எல்லா இடத்திலும் சிக்னல் இல்லை. மாமியின் மருந்து, காய்ச்சல் மருந்து, பிளாஸ்ரர், முள் எடுக்கிற இடுக்கி கைப்பையில். உண்ணி ஏறியிருக்கிறதா என்று இரவு பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்பக்கமும் காதுக்குப் பின்பக்கமும் பாருங்கள், அதற்கும் அந்த இடுக்கிதான்.

ஓகஸ்ட் 8

கேட்டவர் வந்துவிட்டார், பதிவைப் பார்த்தேன். மூன்று இரவும் தாக்குப்பிடித்திருக்கிறார்கள், ஒரு இரவு 9 பாகை, மாமிதான் நன்றாகத் தூங்கினாராம். மறந்தது ரின் கட்டர். எட்டு ரின் மீன் கொண்டுபோய், ஒன்றையும் திறக்கமுடியாமல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தனை பேர் எழுதின இழையில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். எங்களிடம் அது எப்போதும் அம்மாவின் பையில் இருக்கும், அதனால் யோசித்ததே இல்லை.

வெளிக்கிடுகிற காலை தூறல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கூடாரத்தை ஈரத்தோடுதான் மடித்திருப்பீர்கள். நாளைக்கு என்று விடாதீர்கள், இன்றிரவே கராஜில் கயிறு கட்டி விரித்துவிடுங்கள். நாங்கள் ஒருமுறை பத்து நாள் கழித்துத் திறந்தோம். மணம் இன்னும் போகவில்லை.